மூன்று வாரத் தோல்

உடல் உறுப்புகளைத் தானம் செய்வோரின் இறுதிச் சடங்கு இனி அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று தமிழக முதலமைச்சர் அறிவித்தார். ஒரு வாரம்கூடக் கழியவில்லை. அந்த மரியாதையை மாநிலத்திலேயே முதலில் பெற்றவர் உத்தமபாளையம் வட்டத்துச் சின்னமனூரைச் சேர்ந்த வருவாய்த்துறை ஊழியர் ஒருவர். விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்த அவருடைய உறுப்புகளைத் தர வீட்டார் சம்மதித்தார்கள். அமைச்சர்கள் நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் விளையும் இந்தப் பள்ளத்தாக்கில், உறுப்பு தானம் என்ற பேச்சு அன்று வீட்டு வாசல்வரை வந்து சேர்ந்தது.

அந்தப் பேச்சில் சிறுநீரகம் வரும், கல்லீரல் வரும், இதயம் வரும். கண்தானம் பல குடும்பங்களுக்குப் பழகிய சங்கதி. தோலைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எடுத்துச் சொன்னாலும், “தோலை உரிச்சிருவாங்களா?” என்ற திகைப்புத்தான் முதலில் எழுகிறது. அதைத் தாண்டி வருபவர்களுக்கு இன்னும் கடினமான கேள்வி ஒன்று காத்திருக்கிறது. தானமாகப் பெற்ற சிறுநீரகம், மருந்துகளின் துணையோடு பத்தாண்டுக்கு மேலும் இன்னொருவர் உடலில் வேலை செய்யும். தானமாகப் பெற்ற தோல் அப்படி நிலைப்பதில்லை. தீக்காயம் பட்டவர் மேல் போர்த்திய இரண்டு மூன்று வாரத்தில் அவருடைய உடலே அதை உதறிவிடும். உதறும் என்று தெரிந்தேதான் மருத்துவர்கள் அதைப் போர்த்துகிறார்கள். அப்படியானால் கொடுத்தது வீண்தானே?

வீணில்லை. ஏன் வீணில்லை என்பதைப் புரிந்துகொள்ள, உடல் ஏன் உதறுகிறது, எதைக் கொண்டு உதறுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

*

2018 மார்ச் 11. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் மலையேற வந்திருந்தவர்கள், கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் காய்ந்த புல்லுக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். மலைவாசிகளும் தோட்டத் தொழிலாளர்களும் போர்வையில் தொட்டில் கட்டி, காயம்பட்டவர்களை இருட்டில் சுமந்து இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. போடி அரசு மருத்துவமனை, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராசாசி மருத்துவமனை என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. மலையிலேயே உயிர் போனவர்கள் ஒரு பகுதியினர். மற்றவர்கள் அடுத்த நாள்களிலும் வாரங்களிலும் மருத்துவமனைப் படுக்கைகளில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மொத்தம் 20-க்கும் மேற்பட்ட உயிர்கள்.

தீக்காயத்தின் கொடுமை இந்தத் தாமதத்தில் இருக்கிறது. தீ அணைந்த பிறகும் ஆபத்து அணைவதில்லை. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். உடம்பின் நீரை உள்ளே வைத்திருப்பதும், சூட்டைக் காப்பதும், கிருமியை வெளியே நிறுத்துவதும் அதன் வேலை. அதில் பாதி போனால் நீரும் புரதமும் ஓயாமல் கசிகின்றன, உடம்பு நடுங்குகிறது, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் புண்ணில் குடியேறி ரத்தத்துக்குள் இறங்குகின்றன. முதல் இரண்டு நாள்களில் அதிர்ச்சியிலிருந்து மீட்கப்பட்ட நோயாளி, இரண்டாவது வாரத்தில் கிருமித்தொற்றுக்குப் பலியாவது தீக்காயப் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த துயரம்.

மூடினால் பிழைப்பார். எதைக் கொண்டு மூடுவது? நோயாளியின் சொந்தத் தோல்தான் மிகச் சிறந்தது. தொடையிலிருந்து மெல்லிய ஏடாகச் சீவி எடுத்து, சிறு சிறு கீறலிட்டு வலைபோல் விரித்து, மூன்று மடங்கு பரப்பில் பதிக்கலாம். சீவிய இடம் இரண்டு வாரத்தில் ஆறும். அங்கேயே மறுபடி எடுக்கலாம். ஆனால் உடம்பில் அறுபது விழுக்காடு வெந்தவருக்கு, சீவி எடுப்பதற்கே நல்ல தோல் போதாது. அந்த இரண்டு மூன்று வாரத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் கேள்வி. இறந்தவர் ஒருவரின் தோல் இந்த இடத்தில்தான் உயிர்காக்க வருகிறது.

*

சொந்தத் தோல் ஒட்டும் என்பது இந்தியாவுக்குப் பழைய அறிவு. கன்னத்துத் தோலைக் கொண்டு அறுபட்ட மூக்கைச் சீரமைப்பதைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்யும் முறை வழிவழியாகத் தொடர்ந்தது. மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கு அப்படிச் சீரமைக்கப்பட்ட செய்தி 1794-இல் லண்டன் இதழொன்றில் படத்தோடு வெளிவந்தது. அதைப் பார்த்துத்தான் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் இந்த முறையைக் கையில் எடுத்தார்கள். அடுத்தவர் தோல் ஏன் ஒட்டுவதில்லை என்பது மட்டும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இருளாகவே கிடந்தது.

வெளிச்சம் வந்தது போர்க்காலத்தில். இரண்டாம் உலகப்போரின்போது பீட்டர் மெடவார் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த இளம் விலங்கியலாளர். வீட்டுக்கு அருகே ஒரு போர்விமானம் விழுந்தது. உடல் வெந்த விமானிக்கு என்ன செய்யலாம் என்று மருத்துவர்கள் அவரிடம் கேட்டார்கள். அவர் கிளாஸ்கோ சென்று தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்தார். அங்கே 22 வயதுப் பெண் ஒருவர், எரிவாயுக் கணப்பில் விழுந்து கடுமையாக வெந்து கிடந்தார். அவருடைய தோலையும் அவருடைய அண்ணன்தம்பி ஒருவரின் தோலையும் சிறு துணுக்குகளாக எடுத்துப் புண்ணில் பதித்தார்கள். இரண்டும் முதலில் ஒன்றுபோல் பிடித்தன, ஒன்றுபோல் சிவந்தன. பிறகு சகோதரனின் துணுக்குகள் மட்டும் நைந்து கரைந்தன. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து அதே சகோதரனின் தோலை இரண்டாம் தவணையாகப் பதித்தார்கள். இந்த முறை அது முன்னதைப்போலப் பாதி நாள்கூடத் தாங்கவில்லை.

1943-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் கனம் இந்த இரண்டாம் தவணையில் இருக்கிறது. தையல் சரியில்லை, ரத்தம் போதவில்லை, கிருமி புகுந்தது என்றெல்லாம் அதுவரை சொல்லப்பட்ட காரணங்களில் எதுவும் இதை விளக்காது. அதே தோல், அதே உடம்பு, அதே கை. ஆனால் இரண்டாம் முறை வேகம் கூடுகிறது. உடம்பு அந்தத் தோலை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது, நினைவில் வைத்திருக்கிறது. அம்மை ஒருமுறை போட்டவருக்கு மறுமுறை வராததற்குக் காரணமான அதே ஏற்பாடுதான் சகோதரனின் தோலையும் தள்ளுகிறது என்று மெடவார் முடிவுக்கு வந்தார்.

*

நினைவு வைத்திருப்பது எது? ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்தான் என்று பலர் நம்பினார்கள். 1950-களின் நடுவில் ஆவ்ரியன் மிட்சிசன் வேறொன்றைக் காட்டினார். அயல் திசுவை ஏற்கெனவே உதறிய எலி ஒன்றின் சீரத்தை, அதாவது செல்கள் நீங்கிய ரத்தநீரை, புது எலிக்குள் செலுத்தினால் உதறும் தன்மை கூடவே போகவில்லை. நிணக்கணுவின் செல்களைச் செலுத்தினால் போனது. தோல் ஒட்டிலும் இது அப்படியே பொருந்துவதை மெடவாரின் கூட்டாளிகள் கண்டார்கள். நினைவு செல்லில் இருந்தது.

காலில் முள் ஏறிப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த நெறிதான் நிணக்கணு. ஒட்டுத்தோலின் கதையில் பாதி, புண்ணைவிட்டு விலகியிருக்கும் அந்த நெறிக்குள் நடக்கிறது. 1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தங்க உப்பால் சாயமேற்றிய தோலின் மேலடுக்கில் கிளைகிளையாகக் கைவிரித்த செல்களைக் கண்டார். நரம்பு செல்கள் என்று நினைத்தார். அவை நரம்பல்ல, காவல் என்று தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு சதுர மில்லிமீட்டர் தோலில் சில நூறு இருக்கும். அயல் பொருளை விழுங்கி, அதன் துண்டுகளை மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு, நிணநீர்க் குழாய் வழியே நெறிக்குப் போய்க் காட்டுவது அவற்றின் வேலை. இதே குடும்பத்தைச் சேர்ந்த டென்ட்ரிட்டிக் செல்களை 1973-இல் ரால்ஃப் ஸ்டைன்மன், ஸான்வில் கோன் இருவரும் அடையாளம் கண்டார்கள். அதற்காக 2011-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ஸ்டைன்மன் இறந்து மூன்று நாளாகியிருந்தது. அது தெரியாமலே குழு அவர் பெயரை அறிவித்தது.

தானத் தோலிலும் இந்தச் செல்கள் இருக்கின்றன என்பது முக்கியம். குளிர்பதனத்தில் உயிரோடு காக்கப்பட்ட தோலைப் புண்ணில் பதித்ததும், தந்தவருடைய லாங்கர்ஹான்ஸ் செல்களே புறப்பட்டுப் பெற்றவருடைய நெறிக்குப் போகின்றன. அங்கே டி செல்கள் எனப்படும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொருவர் செல்லின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ என்ற புரதத் தொகுதி உண்டு. ஆளுக்கு ஆள் மாறும் அடையாளம் அது. ஒரு சாதாரணக் கிருமியைக் கண்டால் லட்சம் டி செல்லில் ஒன்றோ, அதற்கும் குறைவாகவோதான் கிளர்ந்தெழும். அயலாரின் எச்.எல்.ஏ-யைக் கண்டால் நூற்றுக்குச் சில கிளர்ந்தெழுகின்றன. வேறெந்தத் தூண்டலுக்கும் இவ்வளவு பெரிய கூட்டம் ஒரே நேரத்தில் எழுவதில்லை. காவல் செல்கள் இவ்வளவு நெருக்கமாகக் குடியிருப்பதும் சேர்ந்துதான், ஒட்ட வைக்கும் உறுப்புகளிலேயே தோலை மிகக் கடினமானதாக ஆக்குகிறது.

1968-இல் கிளைட் பார்க்கரும் ரூபர்ட் பில்லிங்காமும் கினிப்பன்றியில் செய்த சோதனை இந்த வழியை உறுதிசெய்தது. ஒரு துண்டுத் தோலை, ரத்தக்குழாயை மட்டும் விட்டுவிட்டு நிணநீர்ப் பாதையை முழுக்கத் துண்டித்துத் தீவாக்கினார்கள். அந்தத் தீவின் மேல் அயல் தோலைப் பதித்தார்கள். ரத்தம் ஓடியது, ஒட்டு பிடித்தது, தள்ளப்படாமல் நெடுநாள் இருந்தது. நெறிக்குச் செய்தி போகும் பாதை இல்லாததால், அயல் தோல் வந்திருப்பது உடம்புக்கே தெரியவில்லை.

*

படுக்கையோரம் நின்று பார்த்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்? பதித்த முதல் இரண்டு நாள் தோல் வெளிறிக் கிடக்கும்; அடியில் ஊறும் நீரை உறிஞ்சிப் பிழைக்கும். மூன்றாம் நாளிலிருந்து கீழேயுள்ள நுண்குழாய்கள் ஒட்டின் குழாய்களோடு இணைகின்றன. ஐந்தாம் நாள் வாக்கில் நல்ல இளஞ்சிவப்பு. கட்டைப் பிரிக்கும் செவிலியருக்கு நிம்மதி. அந்த இணைந்த குழாய்தான் டி செல்கள் வந்து சேரும் வழியும். நெறியில் பெருகிய கூட்டம் ரத்தத்தில் ஏறி வந்து, ஒட்டின் குழாய்ச் சுவரைத் துளைத்துத் தோலுக்குள் இறங்குகிறது.

அங்கே வேலை பிரிந்து நடக்கிறது. உதவி டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா போன்ற சமிக்ஞைப் பொருள்களைச் சுரந்து மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களை அழைக்கின்றன. கொல்லி டி செல், ஒட்டின் செல்லோடு உடல் உரசி நின்று, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்துகிறது. அந்தச் செல் தன்னைத்தானே கலைத்துக்கொண்டு சாகிறது. குழாய்ச் சுவர்கள் அடிபட்டு ரத்தம் உறைகிறது. இளஞ்சிவப்பு கருஞ்சிவப்பாகி, விளிம்பு கறுத்து, நன்றாக இருக்கும் உடம்பில் இரண்டு வாரத்துக்குள் ஒட்டு காய்ந்த பொருக்காக எழும்பிவிடும். சில டி செல்கள் சாகாமல் நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகின்றன. கிளாஸ்கோவில் இரண்டாம் தவணை தோற்றது இவற்றால்தான்.

பெரும் தீக்காயம் பட்டவரிடம் இந்த வேகம் குறைவு. அவ்வளவு பெரிய அதிர்ச்சியில் நோயெதிர்ப்பு முழுவதும் சோர்ந்துவிடுவதால், அயல் தோல் மூன்று வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஒட்டியிருக்கும். கிருமியைத் தடுக்க முடியாமல் அவரைச் சாகக் கொடுக்கும் அதே சோர்வுதான், அயல் தோலைத் தங்கவிட்டு அவரைக் காப்பாற்றவும் இடம் தருகிறது. எதிர்ப்பை மருந்தால் இன்னும் அடக்கி அந்தத் தோலை நிரந்தரமாக்கலாமே என்று தோன்றலாம். வெந்த உடம்பில் அது கிருமிக்கு வாசலைத் திறந்துவிடும் வேலை. அதனால் மருத்துவர்கள் அந்த மூன்று வாரத்தையே கணக்கில் எடுத்துக்கொண்டு திட்டமிடுகிறார்கள்.

*

உத்தமபாளையத்தைச் சுற்றி ஒட்டு என்பது அன்றாடக் கைவேலை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் மண் இது. விதையில்லாத் திராட்சை வைப்பவர்களுக்கு டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடி தெரியும். நூற்புழுவையும் உப்பு மண்ணையும் தாங்கும் அந்த வேரின் மேல் வேறு ரகத்துக் குச்சியை ஆப்பாகச் சீவிச் செருகி, நாடா சுற்றிக் கட்டுகிறார்கள். சில வாரத்தில் துளிர் வருகிறது. ரகம் வேறு, பல நேரம் இனமே வேறு. ஆனாலும் கொடி உதறுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்சரா பூச்சியால் அழியவிருந்த ஐரோப்பியத் திராட்சையை அமெரிக்க வேரில் ஒட்டித்தான் காப்பாற்றினார்கள்.

கொடியில் இரண்டு தண்டுகளின் வளர்திசு தொட்டுக்கொண்டால் போதும். அங்கே புதுத் திசு திரண்டு குழாய்கள் இணைகின்றன. செடிக்கும் நோயெதிர்ப்பு உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு செல்லும் கெட்டிச் சுவருக்குள் இருந்த இடத்திலேயே நின்று தன்னைக் காத்துக்கொள்கிறது. ஊர்ந்து போய்ச் செய்தி சொல்லும் செல்லும் இல்லை, நெறியும் இல்லை, அயலைத் தேடிவந்து கொல்லும் டி செல்லும் இல்லை. மனித உடம்பில் ஒட்டு தோற்பதற்குக் காரணம், இடம்விட்டு இடம் போகும் அந்தச் செல்கள். அம்மையிலிருந்தும் காசநோயிலிருந்தும் மனிதரைக் காப்பவையும் அவையே. அவற்றைப் பகை என்று சொல்லிவிட முடியாது.

அவற்றைப் பழக்கப்படுத்த முடியுமா? முடியும் என்பதற்கு முதல் சான்று மாட்டிடமிருந்து வந்தது. கருப்பையில் நஞ்சுக்கொடியின் ரத்தம் கலந்து வளர்ந்த இரட்டைக் கன்றுகள், ஒன்றின் ரத்தச் செல்களை மற்றொன்று ஆயுள் முழுக்கச் சுமப்பதை 1945-இல் அமெரிக்காவின் ரே ஓவன் கண்டார். அப்படிப்பட்ட கன்றுகள் ஒன்றின் தோலை மற்றொன்று ஏற்பதை மெடவாரும் பில்லிங்காமும் பார்த்தார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவனாக இங்கிலாந்துக்குத் தப்பி வந்த லெஸ்லி பிரெண்ட் அவர்களோடு சேர்ந்தார். கருவிலிருந்த பழுப்பு எலிகளுக்குள் வெள்ளை எலியின் செல்களைச் செலுத்தி, அவை பிறந்து வளர்ந்த பின் வெள்ளைத் தோலைப் பதித்தார்கள். பழுப்பு முதுகில் வெள்ளை ரோமம் செழித்தது. 1953-இல் வெளிவந்த அந்த ஆய்வுக்காக மெடவாருக்கும், இதைக் கோட்பாடாக முன்பே சொன்ன ஆஸ்திரேலியரான பர்னெட்டுக்கும் 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே ஜாக் மில்லர், பிறந்த குட்டி எலியின் நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியை அகற்றினால் அது அயல் தோலை ஏற்றுக்கொள்வதைக் காட்டினார். டி செல்கள் பயிலும் இடம் தைமஸ் என்பது அப்படித்தான் தெரிந்தது.

தைமஸின் பயிற்சியில் தப்பிய டி செல்களை வெளியே அடக்கிவைக்கவும் ஒரு வகை டி செல் உண்டு என்று சொல்லிவந்த ஷிமோன் சாகாகுச்சியைப் பல ஆண்டுகள் துறை நம்பவில்லை. அந்த ஒழுங்காற்றும் டி செல்களுக்காகவே மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடு அவருக்கு 2025-இன் நோபல் பரிசு வந்தது. தந்தையின் அடையாளத்தைப் பாதி சுமக்கும் கருவைத் தாயின் உடம்பு பத்து மாதம் உதறாமல் வைத்திருப்பதிலும் இந்தச் செல்களுக்குப் பங்குண்டு. அவற்றை ஆய்வகத்தில் பெருக்கி உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்குத் தரும் சோதனைகள் நடக்கின்றன. அவை பலிக்கும்வரை மருந்துதான் வழி.

*

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், திண்டுக்கல் மாவட்டத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு கைகள் பொருத்தப்பட்டன. மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்திருந்தவர். தமிழகத்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் நடந்த முதல் கைமாற்று அறுவை அது. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கைகள் எலும்பு, தசை, நரம்பு, தோல் என்று முழுதாகப் போயின. அப்படிப்பட்ட கையில் உடம்பு முதலில் எதிர்ப்பது தோலைத்தான். எலும்பும் தசையும் அமைதியாக இருக்கும்போதே தோலில் சிவந்த தடிப்பு தெரியும். சிறுநீரகம் பெற்றவருக்கு ரத்தச் சோதனை சொல்வதை, கை பெற்றவர் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். உடனே எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். மருந்தை நிறுத்தினால் அடங்காது. 1998-இல் பிரான்சின் லியோனில் நவீன மருத்துவத்தின் முதல் கைமாற்றைப் பெற்றவர் மருந்துகளைக் கைவிட்டார். 2001-இல் அந்தக் கையை அகற்றவேண்டி வந்தது.

டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை வாழ்நாள் முழுக்க விழுங்கி, தொற்றுக்கும் புற்றுக்கும் உள்ள கூடுதல் ஆபத்தை ஏற்றுக்கொண்டு, இரண்டு கைகளுக்காக ஒருவர் அந்த விலையைக் கொடுக்கலாம். தீக்காயத்தில் போர்த்தும் தோலுக்கு அது தேவையில்லை. அதை உதற விடலாம். உதறுவதற்குள் அதன் வேலை முடிந்துவிடும். அமெரிக்காவில் 1983-இல் உடல் முழுக்க வெந்த சிறுவர் இருவரை, அவர்களுடைய தோலின் சிறு துணுக்கிலிருந்து ஆய்வகத்தில் பெரிய ஏடுகளை வளர்த்துக் காப்பாற்றினார்கள். அந்த ஏடுகள் வளரவும் வாரக்கணக்கில் நேரம் வேண்டியிருந்தது. அதுவரை புண்ணை மூடிக் காத்தது இறந்தவர்களின் தோல். அயல் தோலே நிலைத்துவிடும் நிலை ஒன்றுதான் உண்டு. 2016-இல் பாரிஸில் 95 விழுக்காடு வெந்த ஒருவருக்கு, அச்சு அசலான இரட்டைச் சகோதரன் தன் தோலைத் தந்தார். அடையாளப் புரதம் இருவருக்கும் ஒன்றே என்பதால் டி செல்களுக்கு வேலையில்லை. மற்றவர்களுக்கெல்லாம் தோல் வங்கிதான் துணை.

இந்தியாவில் மும்பை சயான் மருத்துவமனையில் 2000-இல் தொடங்கிய தோல் வங்கி முன்னோடி. தமிழகத்தில் கோவை கங்கா மருத்துவமனையில் ரோட்டரி சங்கத்தின் துணையோடு ஒன்று இயங்குகிறது. உறுப்புகளுக்கான 1994-ஆம் ஆண்டுச் சட்டம், 2011-இல் செய்த திருத்தத்தின்படி தோலைப் போன்ற திசுக்களையும் உள்ளடக்குகிறது.

தானம் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டாலே பாதி பயம் போகும். மூளைச்சாவுதான் ஆகவேண்டும் என்பதில்லை. மாரடைப்பிலோ முதுமையிலோ வீட்டில் இறந்தவரும் தரலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. ரத்த வகை பார்ப்பதில்லை. எச்.ஐ.வி, மஞ்சள்காமாலை வைரஸ்கள், தோல் புற்று, பரவிய தொற்று இருந்தால் எடுக்க மாட்டார்கள். தொடை, கால், முதுகு ஆகிய இடங்களிலிருந்து மட்டும், டெர்மடோம் என்ற கருவியால் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் சீவுகிறார்கள். கையில் எடுத்தால் அடுத்த பக்கத்து வெளிச்சம் தெரியும் அளவு மெல்லியது. முகம், மார்பு, கை எதையும் தொடுவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக் கட்டுப் போட்டுத் தருகிறார்கள். நீராட்டுவதானாலும், கஃபனிட்டுத் தொழுகை நடத்துவதானாலும், சடங்கு எதற்கும் தடையில்லை. எடுத்த தோல் 85 விழுக்காட்டுக் கிளிசராலில் பதப்படுத்தப்பட்டு, 4 டிகிரிக் குளிரில் பல ஆண்டுகள் இருக்கும். கிளிசரால் அதன் செல்களைக் கொன்றுவிடுவதால் எதிர்ப்பும் மட்டுப்படுகிறது. கவசமாக அதன் பயன் குறைவதில்லை.

கிருமித்தொற்றோடு போராடும் தீக்காயப் பிரிவுகளுக்கு இதுபோன்ற தோல் எப்போதும் பற்றாக்குறை. அடுப்படியில் சேலையில் தீப்பிடித்தவர்களும், பட்டாசு ஆலையில் வெந்தவர்களும், மின்கம்பியில் அடிபட்டவர்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிறுநீரகத்துக்காகக் குடும்பத்தாரோடு உட்காரும் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் தோலைப் பற்றியும் அதே நிதானத்தோடு பேச வேண்டும். வீட்டில் சாவு நிகழ்ந்தால் யாருக்குத் தகவல் சொல்வது, ஆறு மணி நேரத்துக்குள் குழு எங்கிருந்து வரும் என்பதை உத்தமபாளையம், கம்பம், கூடலூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே எழுதிப் போட வேண்டும். அப்போது உண்மையை மறைக்கவும் கூடாது. தோல் நிலைக்காது, மூன்று வாரத்தில் உதிரும் என்று அந்த வீட்டாரிடம் நேராகச் சொல்ல வேண்டும். அந்த நாள்களுக்குள் நோயாளியின் தொடையில் முதலில் சீவிய இடம் ஆறி, இரண்டாம் முறை எடுக்கச் சொந்தத் தோல் வளர்ந்திருக்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்லலாம்.